ஜாடை எங்கே நழுவியது? நேரில் மாடலை வைத்து வரைந்த ஓர் உருவப்படத்தின் நிகழ்வு ஆய்வு

கண் சரி, மூக்கு சரி, வாயும் சரி; ஆனால் படத்தில் உட்கார்ந்திருப்பது வேறு யாரோ. மாடலை நேரில் உட்காரவைத்து வரையும் எல்லோரும் என்றைக்காவது இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்வார்கள். அப்படிப் பாதியில் நின்றுபோன ஒரு படத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வரைந்தவரும் மாடலாக உட்கார்ந்தவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். இருவரின் பெயரும் அடையாளமும் இதில் இல்லை. அந்த வரைகூடத்தில் அமர்வுகளை ஒருங்கிணைப்பது என் வேலை. படம் நின்றுபோனபோது, கோளாறு எங்கே என்று பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

படமும் ஆட்களும்

ஓவியர் புதியவர் அல்ல. பல வருடங்களாகப் புகைப்படத்தைப் பார்த்து உருவப்படம் வரைந்து வருபவர். கை பழகியது, அளவு பிசகாது. ஆனால் நேரில் ஆளை வைத்து, ஒரே போஸில் பல அமர்வுகள் நீளும் படத்தை அவர் எடுத்தது இதுவே முதல்முறை. மாடல் ஐம்பதுகளில் இருக்கும் பெண்மணி. இந்த வேலையில் நல்ல அனுபவம் உள்ளவர்.

முழங்கால்வரை தெரியும்படி நாற்காலியில் உட்கார்ந்த உருவம், முகம் முக்கால் பக்கம் திரும்பியிருக்கிறது, கைகள் மடியில். ஆயில் வண்ணம், கேன்வாஸ். அமர்வு ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். 20 நிமிடம் போஸ், 5 நிமிடம் ஓய்வு, நடுவில் ஒரு நீண்ட இடைவேளை. பெரும்பாலான வரைகூடங்களில் நடக்கும் முறைதான் இது.

முதல் அமர்வில் சார்க்கோலில் கோடு போட்டு, அம்பர் என்ற மண்பழுப்பு நிறத்தை நீர்க்கக் கரைத்து நிழல்களை அடைத்தார். அன்றைக்கே ஜாடை வந்துவிட்டது. கூடத்தில் இருந்த எல்லோரும் அதைச் சொன்னார்கள். இரண்டாம் அமர்வில் வண்ணம் ஏறியது. ஜாடை மெல்ல மங்கியது. அதற்கடுத்த அமர்வு முழுக்கத் திருத்தத்தில் போனது. வாயைத் திருத்தினார், பிறகு மூக்கை, திரும்பவும் வாயை, கடைசியாக இமையை. முடிவில் முகம் பத்து வயது கூடியதுபோலவும், எதற்கோ முறைத்துக்கொண்டிருப்பதுபோலவும் ஆகிவிட்டது. மாடல் வந்து பார்த்துவிட்டு, "இது நான் இல்லை, எங்க பெரியக்கா மாதிரி இருக்கு" என்றார். அவர் குறை சொல்லவில்லை, கண்ணில் பட்டதைச் சொன்னார். எனக்கு அந்த வாக்கியம் நல்ல தடயமாக இருந்தது. ஒரே குடும்பம், கூடுதல் வயது. அப்படியானால் உறுப்புகளின் வடிவம் தப்பவில்லை. அவற்றின் இருப்பில்தான் ஏதோ தப்பியிருக்கிறது.

ஓவியரின் கணிப்பு வேறாக இருந்தது. "எனக்கு வாய் வரைய வரவில்லை, இன்னும் நுணுக்கமாக அளக்க வேண்டும்" என்றார். இன்னொரு அமர்வு முழுக்க வாயிலேயே செலவழிக்கத் தயாராக இருந்தார். நான் வேண்டாம் என்றேன்.

காது சொன்ன சாட்சி

மாடல் போஸில் இருக்கும்போது, ஓவியர் நிற்கும் இடத்திலேயே நின்று, நீட்டிய கையில் ஒரு குச்சியைப் பிடித்து உறுப்பு உறுப்பாக அளந்து பார்த்தேன். மூக்கின் நீளம் படத்தில் உள்ளபடியே இருந்தது. வாயின் அகலமும் அப்படியே. மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் உள்ள இடைவெளிகூட அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்த அளவோடு ஒத்துப்போனது. ஓவியர் ஒவ்வொன்றையும் உண்மையாகவே பார்த்துத்தான் போட்டிருந்தார்.

ஒத்துப்போகாமல் நின்றது காது மட்டும்தான்.

தலை நிமிர்ந்து, நம் கண் மட்டத்தில் இருக்கும்போது, காதின் மேல் விளிம்பு ஏறத்தாழப் புருவத்தின் மட்டத்திலும், கீழ் மடல் மூக்கடியின் மட்டத்திலும் நிற்கும். முகம் கவிழத் தொடங்கினால் காது மேலே ஏறும், மூக்கு நுனி உதட்டை நோக்கி இறங்கும், மேலுதடு குறுகும், மோவாய் உள்ளே போகும், உச்சந்தலை அதிகம் தெரியும். முகத்தை அண்ணாந்தால் இதெல்லாம் தலைகீழ். தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கண்ணையும் வாயையும் பார்ப்பதைவிடக் காதைப் பார்ப்பது நல்லது. அதற்கு உணர்ச்சி கிடையாது. அது நம்மை ஏமாற்றாது.

படத்தில் காது நிமிர்ந்த தலையின் காது. முதல் அமர்வில் போட்டது, அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. கண்ணின் இருப்பும் அதே தலையுடையது. ஆனால் மூக்கும் வாயும் கவிழ்ந்த தலையிலிருந்து வந்தவை. கடைசியாகத் திருத்திய இமைகள் அதற்கும் பிந்தியவை, சோர்ந்து இறங்கியவை. ஒரே முகத்தில் மூன்று வேறு நேரங்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவில் இடம் குறுகினால் கண் அதை முதுமை என்று எடுத்துக்கொள்ளும். இமை இறங்கினால் சிடுசிடுப்பு என்று எடுத்துக்கொள்ளும். பெரியக்கா பிறந்தது இப்படித்தான்.

புகைப்படத்தில் பழகிய கைக்கு இது தெரிய வாய்ப்பில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புகைப்படத்தில் இருப்பது ஒரு கணம். காலையில் கண்ணைப் போட்டு மாலையில் வாயைப் போட்டாலும் இரண்டும் அதே கணத்தைச் சேர்ந்தவை. எனவே ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே துல்லியமாக அளந்தால் முழு முகமும் தானாகக் கூடிவந்துவிடும். மூச்சு விடுகிற ஆளிடம் அதே பழக்கத்தைக் காட்டினால், துல்லியம் கூடக் கூடப் படம் சிதறும்.

போஸ் எப்படி இறங்கியது

அடுத்து மாடலிடம் பேசினேன். உண்மையில் முதலில் கேட்டிருக்க வேண்டியது அவரைத்தான் என்று நினைக்கிறேன். போஸைப் பற்றி அதில் உட்கார்ந்திருப்பவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அவர் சொன்னது சுருக்கமாக: நாற்காலியின் நுனியில், சாயாமல், முதுகை நிமிர்த்தி உட்காரச் சொன்னார்கள். முதல் அமர்வில் கோடு போட்டவரை ஓவியர் அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் பார்த்தார், அதனால் சமாளிக்க முடிந்தது. பிறகு ஒவ்வோர் ஓய்வுக்கு அப்புறமும் "கொஞ்சம் நிமிருங்கள்" என்பார், இவரும் நிமிர்வார், அந்த நிமிர்வு நாலைந்து நிமிடம்கூட நிற்காது. நாற்காலி விளிம்பு தொடையின் அடியில் அழுத்தி வலது கால் மரத்துப்போகும். மரத்த காலை விட்டு இடது பக்கம் எடையை மாற்றுவார். தோள் சரியும்.

இதை அளந்து பார்த்தோம். மாடலுக்குப் பின்னால் சுவரில் ஒரு காகித நாடாவை ஒட்டி, ஓவியர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்து, போஸ் தொடங்கியபோது உச்சந்தலை இருந்த மட்டத்தைக் குறித்தேன். முதல் சில நிமிடங்களில் இடுப்பு பின்னால் உருண்டது, கீழ்முதுகு வளைந்தது, தோள்கள் முன்னால் வந்தன, கடைசியாகத் தலை முன்னுக்கு வந்து கவிழ்ந்தது. 20 நிமிட முடிவில் உச்சி சுமார் மூன்று விரற்கடை இறங்கியிருந்தது. ஆனால் நான் கவனித்த முக்கியமான விஷயம், அந்த இறக்கம் கடைசிவரை தொடரவில்லை. பாதி நேரத்துக்கு மேல் உடம்பு ஓர் இடத்தில் அடங்கி, அப்படியே நின்றது.

இது அந்த மாடலின் குறை இல்லை. எலும்பும் தசையும் உள்ள யாருக்கும் இது நடக்கும். தசையின் பலத்தில் நிற்கிற நிலை தளரும். எலும்பின் மேல் எடை போய் உட்கார்ந்த நிலை நீடிக்கும். அனுபவமுள்ள மாடல்கள் அசையாமல் இருப்பதற்கும் எடையை எலும்பில் இறக்கத் தெரிந்திருப்பதுதான் காரணம். இங்கே ஓவியர் கேட்ட போஸ் அதற்கு இடமே தரவில்லை.

பிரெஞ்சு ஓவியர் செஸான், தன் படங்களை விற்ற வணிகர் அம்புருவாஸ் வொல்லாரை 1899-இல் வரைந்தபோது 115 அமர்வுகள் ஆனதாக வொல்லாரே எழுதியிருக்கிறார். அதில் ஒரு நாள் வொல்லார் தூங்கிப்போய், உயரமான மேடையிலிருந்த நாற்காலியோடு கீழே விழுந்தார். அவ்வளவு அமர்வுகளுக்கு அப்புறமும் படத்தில் அவர் கையில் இரண்டு சின்ன இடங்களில் கேன்வாஸ் வெறுமையாக இருந்தது. அங்கே ஏதோ ஒரு வண்ணத்தை வைத்துவிட்டால், அந்த இடத்திலிருந்து தொடங்கி முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டியிருக்கும் என்பது செஸானின் பதில். எங்கள் ஓவியரிடம் இதைத்தான் எடுத்துச் சொன்னேன். ஓர் இடத்தைத் தொட்டால் மற்ற எல்லாமே அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வாயை மட்டும் தனியாகத் திருத்த முடியாது.

வேறு இரண்டு காரணங்கள்

மாடல் மட்டும் நகரவில்லை. ஓவியரும் நகர்ந்திருந்தார். கோடு போட்ட அன்றைக்குத் தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வண்ணம் ஏற்றும்போது கை வீச வசதியாக எழுந்து நின்றார். கண் மட்டம் ஓர் அடிக்கு மேல் உயர்ந்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் முகம் கவிழ்ந்ததுபோலத்தான் தெரியும்: அதே காது ஏற்றம், அதே உச்சந்தலை. மாடல் கவிழ்ந்ததும் ஓவியர் உயர்ந்ததும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டன. போதாததற்கு ஈஸல் (கேன்வாஸைத் தாங்கும் சட்டம்) மாடலிடமிருந்து ஒன்றரை மீட்டரில் இருந்தது. அவ்வளவு கிட்டத்தில் ஓவியர் தலையைச் சற்று அசைத்தாலும் வடிவம் மாறும். முழங்கால்வரையான உருவத்துக்கு, உருவத்தின் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு தள்ளி நிற்பது நல்லது.

ஒளியிலும் சிக்கல். பக்கத்துப் பெரிய ஜன்னலும் மேல்கூரை விளக்கும் சேர்ந்தே இருந்தன. ஜன்னல் வெளிச்சம் பலமாக இருந்த நேரத்தில் மூக்கின் நிழல் கன்னத்தின் மேல் விழுந்தது. அது மங்கியதும் விளக்கு மேலோங்கி, நிழல் மேலுதட்டின் மேல் விழுந்தது. படத்தில் மூக்குக்கு இரண்டு நிழல். முகம் கொஞ்சம் ஊதியதுபோலத் தெரிந்ததற்கு இது காரணம். ஜன்னல் நேரத்து நிழல் சூடான பழுப்பாகவும், விளக்கு நேரத்து நிழல் பச்சையும் நீலமுமாகவும் இருந்தன. இரண்டையும் இணைக்க ஓவியர் நடுவில் வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போயிருந்தார். வெள்ளை அதிகமானால் தோல் வெளுப்பதோடு நிற்காது, குளிர்ந்தும் போகும்; சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகும்.

என்ன செய்தோம்

முதல் முடிவு கடினமானது: முகத்தைச் சுரண்டுவது. வண்ணம் இன்னும் முழுதாகக் காயவில்லை. பேலட் கத்தியால் வழித்து, டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் முகம் மிஞ்சியது. ஓவியருக்கு மனசு வரவில்லைதான். உருவப்படத்தில் இது அவமானம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அமெரிக்க ஓவியர் ஸார்ஜென்ட், தான் வரைந்த தலை பிடிக்காவிட்டால் முழுக்க வழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குபவர். பிக்காஸோ, எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனின் படத்தில், எத்தனையோ அமர்வுகளுக்குப் பிறகு, 1906-இல் தலையை மட்டும் அழித்துவிட்டு, பிறகு ஸ்டைன் எதிரில் இல்லாமலேயே முடித்தார். ஓர் உறுப்பைக் காப்பாற்றப் பார்த்தால் தலை போய்விடும்.

இரண்டாவது, போஸை மாற்றினோம். சரியாகச் சொன்னால், போஸை மாடலிடமே விட்டோம். முதுகு சாயும் உயரமான நாற்காலி, காலடியில் ஒரு சின்னப் பலகை, தொடைக்கு அடியில் மடித்த துணி. "உங்களுக்கு எப்படி நிற்குமோ அப்படி உட்காருங்கள்" என்றோம். அப்புறம் கால் மணி நேரம் யாரும் பிரஷைத் தொடவில்லை. ஓவியர் அந்த நேரத்தில் பேலட்டில் வண்ணம் கலந்தார். உடம்பு இறங்கி அடங்கியதும்தான் குறித்துக்கொண்டோம்: பாதங்களைச் சுற்றி நாடா, நாற்காலிக் கால்களைச் சுற்றி நாடா, மடியில் உள்ள துணியில் கை விளிம்புக்குச் சாக்பீஸ் கோடு, காது மட்டத்துக்குப் பின்சுவரில் ஒரு கோடு, பார்வைக்குச் சுவரில் ஒரு புள்ளி. ஓவியரின் பாதங்களுக்கும் தரையில் நாடா ஒட்டினோம். இனி எப்போதும் நின்றேதான் வேலை, மூன்று மீட்டர் தள்ளி. நிற்கும் உயரத்துக்குத் தக்கபடி மாடலையும் ஒரு மேடைமேல் ஏற்றினோம், கண் மட்டம் ஒன்றாகும்படி.

முன்பு வரைந்தது மாடல் உட்கார்ந்த கணத்தின் போஸ். இப்போது வரைவது உட்கார்ந்து அடங்கிய போஸ். என் பார்வையில் இந்தப் படம் பிழைத்தது இந்த ஒரு மாற்றத்தால்தான். ஓய்வு முடிந்து திரும்பும்போது மாடல் நேராக அடங்கிய நிலைக்கே வந்துவிட்டார். இரண்டு மூன்று நிமிடத்தில் காது சுவரில் குறித்த கோட்டோடு ஒட்டி நின்றது. ஒரு விதி வைத்துக்கொண்டோம்: காது கோட்டுக்கு வரும்வரை பிரஷ் முகத்துக்குப் போகாது. அந்த இடைவெளியில் பின்னணி, உடை, நாற்காலி என்று எது வேண்டுமானாலும் செய்யலாம்.

ஒளிக்கு, திரையை மூடிவிட்டு ஒரே விளக்கு. பக்கவாட்டில், மேலிருந்து சாய்வாக. கேன்வாஸுக்கும் பேலட்டுக்கும் அதே வகை வெளிச்சம். இல்லையென்றால் பேலட்டில் சரியாகத் தெரிந்த தோல்நிறம் கேன்வாஸில் வேறாகிவிடும்.

வண்ணங்களைக் குறைத்தோம்: வெள்ளை, மஞ்சள் ஓக்கர், வெர்மிலியன் சிவப்பு, ஐவரி கறுப்பு. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்னின் பெயரால் ஓவியர்கள் எல்லோரும் அறிந்த வண்ணத் தொகுப்பு. இதில் கறுப்பும் வெள்ளையும் கலந்தால் ஓக்கருக்குப் பக்கத்தில் நீலம்போலத் தெரியும். குளிர்ந்த நிழலுக்கு அது போதும். வெளிச்சத்தைக் கூட்ட வெள்ளை மட்டும் சேர்க்காமல், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஓக்கரோ சிவப்போ கூடச் சேர்க்கச் சொன்னேன். நெற்றி மஞ்சள் சாய்ந்தது, கன்னம் மூக்கு காது சிவப்புச் சாய்ந்தவை, வாயைச் சுற்றிய பகுதி சாம்பல் சாய்ந்தது என்ற பொதுவான ஓட்டத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், நிறம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் மாடியேறி வந்தவுடன் இருக்கும் கன்னச் சிவப்பை நம்பக் கூடாது. ஓய்ந்த பிறகு இருப்பதுதான் அவர் நிறம்.

என்ன கிடைத்தது

சுரண்டிய பிறகு வந்த முதல் அமர்வில் கண், மூக்கு, வாய் எதையும் வரையக் கூடாது என்பது நிபந்தனை. அகலமான பிரஷ், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வெளிச்சம் ஒரு டோன், நிழல் ஒரு டோன். கண்குழியின் நிழல் எங்கே முடிகிறது, கன்னத்தின் நிழலோடு எங்கே சேர்கிறது, தலை கழுத்தின்மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஓவியருக்கு இது அரைகுறை வேலையாகத்தான் பட்டது. ஆனால் அமர்வு முடிந்து எல்லோரும் பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது, கண்ணே இல்லாத அந்த முகத்தில் ஜாடை வந்திருந்தது. தெருமுனையில் வரும்போதே தெரிந்தவரை அடையாளம் கண்டுகொள்கிறோமே, அந்தத் தூரத்திலிருந்து நமக்கு இமையா தெரிகிறது?

அதன்பின் உறுப்புகள் அந்தப் பெரிய வடிவங்களுக்குள் சிரமமில்லாமல் போய் உட்கார்ந்தன. வாயை ஓவியர் ஒரே போஸ் நேரத்துக்குள் முடித்தார். எந்த வாய் வரவே வராது என்று நினைத்தாரோ அதே வாய். புதிய ஜாடை முதல் நாள் ஜாடை அல்ல என்பதையும் குறிக்க வேண்டும். முதல் நாள் படத்தில் இருந்தவர் வரையப்படுவதற்காக நிமிர்ந்து உட்கார்ந்தவர். இதில் தோள் கொஞ்சம் சரிந்து, எடை நாற்காலிக்குள் இறங்கி, பார்வை ஓர் இடத்தில் நிலைத்திருக்கிறது. மாடல் இம்முறை அக்காவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இப்படித்தான் நான் உட்காருவேன்" என்றார்.

எதிர்க் கருத்தும் மிச்சமிருக்கும் வேலையும்

கூடத்தில் இன்னோர் ஓவியர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அடங்கிய போஸில் உயிர் குறையும், உட்கார்ந்த கணத்தின் துடிப்புதான் உருவப்படத்துக்கு வேண்டும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு. ஸார்ஜென்ட் 1881-இல் எழுத்தாளர் வெர்னன் லீயை மூன்று மணி நேரத்தில் ஒரே அமர்வில் வரைந்தார். பேச்சின் நடுவில் பிடித்த முகம்போல இருக்கும் அது. அங்கே மாடல் அசைவது தடையே இல்லை. ஒரே அமர்வில் முடிக்கிறவர் மாறும் முகங்களிலிருந்து ஒன்றை நினைவில் பிடித்து, கடைசிவரை அதையே போட முடியும். பல வாரம் நீளும் படத்தில் அந்த நினைவு தாங்காது. குறுகிய போஸ்களுக்கு, இரண்டு நிமிடம் ஐந்து நிமிடம் வரைகிற பயிற்சிக்கு, நாங்கள் செய்த காத்திருப்பு பொருந்தவே பொருந்தாது. அதில் எழும்பி நிற்கிற அந்த முதல் விசையைத்தான் பிடிக்க வேண்டும். எத்தனை அமர்வு என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற போஸைக் கேட்பதே சரியான வரிசை என்று நினைக்கிறேன்.

கைகள் இன்னும் சரியாகவில்லை. மேலே இருக்கும் இடது கை நன்றாக இருக்கிறது. அதன் அடியில் பாதி மறைந்த வலது கை பிசைந்து வைத்ததுபோல நிற்கிறது. ஒவ்வொரு ஓய்வுக்குப் பிறகும் விரல்கள் கோத்த விதம் மாறுவதுதான் காரணம்; சாக்பீஸ் கோடு கையின் விளிம்பைத்தான் காட்டும், விரல்களைக் காட்டாது. கைகளுக்கு மட்டும் தனியாக ஓர் அமர்வு வைத்து, விரல் கோத்த நிலையை மாடலே ஒரு சின்னத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளலாம் என்று அவர் யோசனை சொல்லியிருக்கிறார். அதைச் செய்து பார்க்கப் போகிறோம். அடுத்த கேன்வாஸ் ஒற்றைக் காலில் எடை போட்டு நிற்கும் முழு உருவம். அதில் இடுப்பு எடைக்கால் பக்கம் எவ்வளவு தள்ளி வந்து அடங்குகிறது என்பதை முதல் அமர்வில் வெறும் கோடுகளாகப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கேன்வாஸை ஈஸலில் ஏற்றுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.